சூரியன் குறுக்கிடும் நாட்கள்

செப்டம்பர் 14, திங்கள்

பெரிய டிஷ்ஷில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் மூன்று வேப்பிலை, ஒரு செத்த வண்டு. நடுவிலுள்ள துளையை ஈர்க்குச்சியால் குத்திவிட்டதும் தண்ணீர் இறங்கிப்போனது.

குளிர்நாட்டுப் புத்தகங்களில் வரும் படங்களில் டிஷ்கள் சுவரில் மாட்டிய முகக்கண்ணாடி போல நிமிர்ந்து நிற்கின்றன. செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இருப்பவை. சங்கரன்கோவில் அந்த ரேகைக்குக் கிட்டத்தில் இருக்கிற ஊர். அதனால் எங்கள் மொட்டைமாடியில் நான்கு டிஷ்களும் ஏறக்குறைய மல்லாந்து கிடக்கின்றன. மூன்று வலைப்பின்னல் டிஷ்கள், ஒன்று பன்னிரண்டடி அகலமுள்ள முழுத் தகடு. இந்தப் பெரியதில்தான் ஊர் முழுக்கப் பார்க்கும் சேனல்கள் எல்லாம் வருகின்றன.

இந்த ஆவுடை கேபிள் விஷனின் கன்ட்ரோல் ரூமில் நான் சேர்ந்து இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகிறது. முதலாளி தங்கப்பாண்டி அண்ணாச்சி யார் வந்தாலும் என்னைக் காட்டி, "நம்ம இஞ்சினியர் பொண்ணு" என்பார். லைன்மேன் பேச்சிமுத்து அண்ணன் என்னை டீச்சர் என்பார். நான் பாடம் நடத்துவதில்லை. எந்த நேரமும் கையில் புத்தகம் இருப்பதால் அப்படி ஒரு பெயர்.

ஒரு செயற்கைக்கோள் தரைநிலையத்தில் தொழில்நுட்ப உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பத்தை 30ஆம் தேதிக்குள் தபாலில் சேர்த்தாக வேண்டும். இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். அண்ணாச்சியிடம் எப்படிக் கேட்பது என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். கேட்கவில்லை.

செப்டம்பர் 15, செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

"வெளிய போவணுமாக்கும்," என்றார் அண்ணாச்சி. கோபமில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து கம்பெனி பெயர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து, அடியில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, மேலே ஒன்றும் எழுதாமல் என்னிடம் நீட்டினார்.

"எனக்கு இதெல்லாம் எழுத வராது. உனக்குத்தான் வருமே. நீயே எழுதிக்கோ. பொய் மட்டும் எழுதிராத."

வெற்றுத் தாளில் ஒருவருடைய கையெழுத்து கையில் இருப்பது சங்கடமான விஷயம். இந்த நோட்டின் கடைசி அட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். தீபாவளி முடிந்ததும் ஒரு லைன்மேன் போதுமாம். வீட்டுக்கு வீடு குட்டி டிஷ் மாட்டிக்கொள்கிறார்கள், நம் லைன் குறைகிறது, இரண்டு பேருக்கு வேலை இல்லை என்றார். பேச்சிமுத்து அண்ணன், வேலாயுதம், இந்த இருவரில் யார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 17, வியாழன்

சூரியக் குறுக்கீட்டுக் கணக்கைப் போட்டு முடித்தேன். வருடத்தில் இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், சில நாட்களுக்குச் சூரியன் மிகச் சரியாகச் செயற்கைக்கோளின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். டிஷ் செயற்கைக்கோளைப் பார்க்கும்போது சூரியனையும் சேர்த்தே பார்க்கிறது. சூரியன் பெரும் இரைச்சல்காரன். அந்த ஏழெட்டு நிமிடமும் படம் புள்ளிகளாக உதிர்ந்துவிடும். ஒவ்வொரு டிஷ்ஷும் வானத்தில் ஒவ்வோர் இடத்தைப் பார்ப்பதால், ஒவ்வொன்றுக்கும் தனி நேரம். கிழக்கே பார்ப்பதற்கு 10.56. பெரிய டிஷ்ஷுக்கு 11.45. உச்சம் 26, 27ஆம் தேதிகளில்.

டிஷ் ஒரு கண்ணாடிதான். யாருக்குக் கண்ணாடி என்பது வருகிறவரைப் பொறுத்தது. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை ஏழரை சென்டிமீட்டர் நீளம். சின்ன மேடு பள்ளமெல்லாம் அதன் கண்ணில் படாது. வலையின் ஓட்டைகூட அதற்குச் சுவர்தான். ஒளியின் அலையோ அதைவிட லட்சம் மடங்கு பொடியானது. சொரசொரப்பான பெயின்ட் அதற்கு ஒரு மலைத்தொடர், மோதிச் சிதறிப் போய்விடும். அதனால்தான் டிஷ்களுக்கு எப்போதும் மினுங்காத வெள்ளையை அடிக்கிறார்கள். வேண்டிய விருந்தாளி உள்ளே வரலாம், வேண்டாதவன் வாசலோடு கலைந்துவிட வேண்டும்.

அந்தக் குழிவின் வடிவம் எனக்குப் பிடிக்கும். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தாண்டி வரும் கதிர், விளிம்பில் விழுந்தாலும் நடுவில் விழுந்தாலும், குவியத்துக்கு வந்து சேரும்போது எல்லாம் ஒரே தூரம் நடந்திருக்கும். ஒன்றும் முந்துவதில்லை, ஒன்றும் பிந்துவதில்லை. அந்தக் குவியத்தில், நான்கு கம்பிக் கால்களின் உச்சியில், எல்.என்.பி. என்று நாங்கள் சொல்லும் கையளவுப் பெட்டி இருக்கிறது. இத்தனை பெரிய தட்டும் அந்தச் சின்னப் பெட்டிக்கு ஊட்டிவிடத்தான்.

சான்றிதழ் எழுதவில்லை.

செப்டம்பர் 19, சனி

படித்துக்கொண்டிருக்கும் நாவலில் 212ஆம் பக்கம் வரை வந்துவிட்டேன். பனியில் ஒரு தபால் வண்டி சிக்கிக்கொள்கிறது. வண்டிக்காரன் குதிரைகளை அவிழ்த்துவிடுவதா வேண்டாமா என்று இரண்டு அத்தியாயமாக யோசிக்கிறான். கீழே வைக்க முடியவில்லை.

பேச்சிமுத்து அண்ணன் ஆயுத பூஜைக்குப் பெயின்ட் வாங்கப் போனார். வருடாவருடம் மாடியில் இருக்கிற எல்லா இரும்புக்கும் பெயின்ட் உண்டு. முதலில் கடைகளில் விசாரித்துவிட்டு வந்தவர், வாங்கப் போகும் முன் கதவருகே நின்று ஏதோ கேட்டார். சரி என்றேன்.

செப்டம்பர் 21, திங்கள்

காலை ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை. ஜெனரேட்டர் சத்தத்தில் தலை கனத்துப்போனது.

செப்டம்பர் 22, செவ்வாய்

பெயின்ட் அடிப்பதற்கு முன் தட்டு வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்றார் பேச்சிமுத்து அண்ணன். நானும் மேலே போனேன். அவரிடம் கருவி எதுவும் கிடையாது. அவர் மனைவி மாடத்தி அக்கா விசைத்தறிக்கு நூல் சுற்றுகிறவர். அந்த நூலில் ஒரு கண்டு சட்டைப்பையில் இருந்தது. விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு ஒரு நூல், அதற்குக் குறுக்கே இன்னொன்று. இரண்டும் நடுவில் தொட்டும் தொடாமலும் இருந்தால் தட்டு நேர்.

"எப்படி டீச்சர், ஒங்க புக்குல இருக்கா இது?"

"இருக்கு. ஆனா புக்குல நூல் எங்க வாங்குறதுன்னு போடல."

"மாடத்திட்ட வாங்கணும்னு எழுதிச் சேத்துருங்க."

நூல்கள் தொட்டுக்கொண்டன. பெயின்ட் டப்பாக்கள் மாடிப்படிக்குக் கீழே சாக்கு போட்டு மூடி இருந்தன. நான் இறங்கிவந்துவிட்டேன்.

செப்டம்பர் 24, வியாழன்

நேற்றும் இன்றுமாக எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்து முடித்துவிட்டார்கள். டீ வாங்க ரோட்டுக்கு வந்தபோது அண்ணாந்து பார்த்தேன். மாடிச் சுவருக்கு மேலே பெரிய டிஷ்ஷின் விளிம்பு ஒரு வெள்ளிக் கீற்று போல மின்னியது. அண்ணாச்சிக்கு ஏகச் சந்தோஷம். "கல்யாணப் பொண்ணு மாதிரில்லா இருக்கு," என்றார்.

எனக்குத் தலைவலி. மாடிக்கு ஏறவில்லை.

குறுக்கீடு இன்று தொடங்கிவிட்டது. இரண்டே நிமிடம். மேகமூட்டம்.

செப்டம்பர் 25, வெள்ளி

லோக்கல் சேனலில் அறிவிப்பை ஓடவிட்டேன்: சூரியக் குறுக்கீட்டால் காலை 11.41 முதல் 11.49 வரை படம் தெளிவாக இராது, பொறுத்துக்கொள்ளவும். போன் வந்தது.

"ஏம்மா, சூரியன் மறைக்குன்னு போட்ருக்கீங்க. சூரியன் வெளிச்சம்லா குடுக்கும், அது எப்படி மறைக்கும்?"

"வெளிச்சம் அதிகமானாலும் கண்ணு கூசும்லா அக்கா, அந்த மாதிரி."

"அப்பம் நிழலுக்குக் குடைய வைங்க," என்று வைத்துவிட்டார்.

வானம் முழுக்க மேகம். இருந்தும் 11.41க்குப் படம் உதிரத் தொடங்கி 11.49க்கு மீண்டது. மேகம் வெயிலை மறைக்கும், சூரியனின் இரைச்சலை மறைக்காது. என் கணக்கு அரை நிமிடம்கூடத் தப்பவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் நாள் முழுக்க அந்த மகிழ்ச்சி இருந்தது.

செப்டம்பர் 26, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையிலிருந்தே வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. 11.41க்குப் படம் போயிற்று. போன்கள் வந்தன. 11.49 வரை பொறுங்கள் என்று எல்லாரிடமும் நிதானமாகச் சொன்னேன். 11.49க்குப் படம் வரவில்லை. இன்று உச்ச நாள், ஓரிரு நிமிடம் கூடுதலாகலாம் என்றேன். 12 மணிக்கும் வரவில்லை. கடிகாரம் முந்தியிருக்கும் என்று நினைத்தேன். கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 12.10க்குப் பேச்சிமுத்து அண்ணன் மாடியிலிருந்து இறங்கிவந்தார்.

"டீச்சர், மேல பிளாஸ்டிக் கருகுற வாடை வருது."

ஏறிப் பார்த்தேன். பன்னிரண்டடித் தட்டு முழுக்க சில்வர் பெயின்ட். பாத்திரக்கடையில் தொங்கும் தாம்பாளம் போல இருந்தது, கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை. குவியத்திலிருந்த பிளாஸ்டிக் மூடி உருகி, மெழுகு போல வழிந்து, கம்பிக் காலில் உறைந்திருந்தது. எல்.என்.பி.யின் வாய் கருப்பாக இருந்தது. சூரியனைச் செயற்கைக்கோள் நிற்கும் இடத்துக்கே நான் கணக்குப் போட்டு வரவழைத்திருக்கிறேன். தட்டு அதன் வெயில் முழுவதையும் அள்ளி அந்தக் கையளவுப் பெட்டிக்குள் ஊற்றியிருக்கிறது.

அண்ணாச்சி அரை மணி நேரத்தில் வந்தார். நாளை ஆயுத பூஜை, ஞாயிறு வேறு. ஊரே டி.வி. முன் உட்காரும் நாள்.

"யாருல சில்வர் அடிச்சது?"

"நாந்தான் அண்ணாச்சி," என்றார் பேச்சிமுத்து அண்ணன்.

"எப்பவும் வெள்ளைதான அடிப்போம். யாரக் கேட்டு அடிச்ச?"

"யாரையும் கேக்கல."

"இங்க ஒரு இஞ்சினியர் இருக்கால்லா, கேக்க என்ன?"

பேச்சிமுத்து அண்ணன் என் பக்கம் திரும்பவும் இல்லை. நான் ஸ்பானர் எடுக்கக் கீழே இறங்கினேன். திரும்பி வரும்போது அவர் மாடியில் இல்லை. தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம், இன்றோடு சரி என்று அண்ணாச்சி சொல்லிவிட்டதாக வேலாயுதம் சொன்னான்.

அதிகம் பேர் பார்க்காத மூன்றாவது டிஷ்ஷிலிருந்து எல்.என்.பி.யைக் கழற்றிப் பெரியதில் மாட்டினேன். நாலு மணிக்குப் படம் வந்துவிட்டது. அண்ணாச்சி என் தோளைத் தட்டாத குறை. "நீ இல்லன்னா என்ன ஆயிருக்கும்," என்றார்.

நான் எடுக்கப் போன ஸ்பானர் மாடியில் என் தோளில் கிடந்த பையிலேயே இருந்தது.

செப்டம்பர் 27, ஞாயிறு

ஆயுத பூஜை. இன்றும் 11.45க்குச் சூரியன் அதே இடத்துக்கு வரும், பெயின்ட்டும் அதே பெயின்ட். சுரண்டி எடுக்க நேரமில்லை. பந்தல்காரரிடம் வெள்ளைப் பருத்தித் துணி வாங்கி, பத்தரை மணிக்குத் தட்டு முழுக்க விரித்து விளிம்பில் கட்டினோம். காய்ந்த துணி செயற்கைக்கோள் அலைக்கு இருப்பதே தெரியாது, ஒளிக்கு மட்டும் தெரியும். கீழே போகிறவர்கள் பார்த்துவிட்டு, பூஜைக்கு டிஷ்ஷுக்கும் புதுத் துணி எடுத்தாச்சா என்று கேட்டார்கள். வேலாயுதம் ஏறி விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தான்.

எட்டு நிமிடம் போன படம் திரும்ப வந்தது. பொரி, கடலை, சுண்டல். ரிசீவர்களுக்கு மாலை. பேச்சிமுத்து அண்ணனின் கொறடாவும் பெல்ட்டும் பூஜையில் மற்ற சாமான்களோடு இருந்தன. பொட்டு வைத்துக்கொண்டே வந்த அண்ணாச்சி அந்த இடத்தில் ஒரு கணம் நின்றார். பிறகு அவற்றுக்கும் வைத்தார்.

பெயின்ட் வாங்கப் போன அன்று பேச்சிமுத்து அண்ணன் என்ன கேட்டார் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். கதவருகே நின்றார். வலது கையில் சைக்கிள் சாவி இருந்தது. நாவலில் வண்டிக்காரன் ஒரு குதிரையை மட்டும் அவிழ்த்துவிட்டிருந்தான். இவ்வளவும் நினைவிருக்கிறது. கேள்வி மட்டும் இல்லை. சரி என்று நான் சொன்னது இருக்கிறது.

சான்றிதழுக்கு விளம்பரத்திலேயே மாதிரி கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு வரி: "தம் பணியைக் கவனத்துடன் செய்தார்." அந்த வரி வரை பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்துவிட்டேன். கையெழுத்து அழியாமல் பார்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 28, திங்கள்

விஜயதசமி. அண்ணாச்சி கன்ட்ரோல் ரூமில் நேற்றைய பொரியை மென்றுகொண்டிருந்தார். வெற்றுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பையில் கொண்டுபோயிருந்தேன்.

"அண்ணாச்சி, சில்வர் அடிக்கலாம்னு சொன்னது நான்."

"நீயாச் சொன்னியா, அவன் கேட்டானா?"

"அவர் கேட்டார். நான் சரின்னேன்."

"கருகும்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும். அவர் என்ன கேட்டார்னே நான் கேக்கல. படிச்சிக்கிட்டு இருந்தேன்."

மென்று முடித்துத் தண்ணீர் குடித்தார். "முந்தாநேத்து அவன நான் ஏசும்போது எங்க இருந்த?"

"இங்கனதான்."

"ஆமா. இங்கனதான் இருந்த."

அவர் கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அவன் யாரையும் கேக்கலன்னான். நீ கேட்டான்னு சொல்லுத. ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்லுதீங்க. நீயே அவன் வீட்டுக்குப் போ. நாளைக்கு அவன் இங்க வந்தாம்னா, நீயும் வா. வரலன்னா, ஒனக்கும் இங்க சோலி கெடையாது."

"சரி."

"கேட்டுட்டுத்தான் சரிங்கியா?"

தாளைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. "அது வேற, இது வேற," என்றார்.

அதே நாள், மாலை

பேச்சிமுத்து அண்ணன் வீடு தறிக்கூடங்களுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. இரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. மாடத்தி அக்கா நூல் சுற்றிக்கொண்டிருந்தார். மூலையில் டி.வி. ஓடியது, படமெல்லாம் புள்ளி.

"ஊருக்கெல்லாம் பளிச்சுன்னு தெரியும், லைன்மேன் வீட்ல மட்டும் எறும்பு ஊரும்," என்றார் அக்கா. "உக்காருங்க. நீங்கதான அந்த டீச்சரு?"

உட்கார்ந்தேன். சொல்ல வந்ததைச் சொன்னேன். அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டதையும், இரண்டு நாள் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். பேச்சிமுத்து அண்ணன் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் என்ன கேட்டேன்னு இப்பவாவது தெரியுமா டீச்சர்?"

"தெரியாது."

"வெள்ளை இங்கன எந்தக் கடையிலயும் இல்ல, சில்வர்தான் இருக்கு, அடிக்கட்டான்னு கேட்டேன்."

எழுதிவைத்த கேள்விக்கு விடை சொல்வது போலச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க நிமிந்து பாக்கலன்னு தெரியும். ரெண்டு வருசமாப் பாக்கம்லா. கையில புக்கு இருந்தா என்ன கேட்டாலும் சரிதான். ஒருக்கா கெணத்துல குதிக்கட்டான்னு கேட்டேன், அதுக்கும் சரின்னீங்க."

மாடத்தி அக்கா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, முழுதாக வரவில்லை.

"அப்புறம் ஏன் அண்ணாச்சிட்ட என் பேரைச் சொல்லல?"

அக்கா நூல் சுற்றுவதை நிறுத்தினார்.

"அதச் சொல்லிருங்க," என்றார் அக்கா. "ரெண்டு நாளா என்ட்டதான சொல்லிக்கிட்டு இருக்கீய."

"வெள்ளை வாங்கணும்னா ராஜபாளையம் போவணும்," என்றார் அவர். "அன்னைக்கு வெயிலு. போவ மனசில்ல. மத்த நேரத்துல கேட்டா நீங்க ஏன் எதுக்குன்னு கேப்பீங்க. புக்குல இருக்கும்போது கேட்டா சரின்னுருவீங்கன்னு தெரிஞ்சுதான் அப்பம் வந்து கேட்டேன். அப்படி வாங்குன சரிய வச்சு ஒங்கள எப்படி மாட்டிவிட?"

அக்கா எழுந்து போய் டீ போட்டார்.

குடித்து முடித்தபின், நாளைக்கு உப்புத்தாள் எத்தனை வேண்டும் என்று அண்ணன் கேட்டார். பன்னிரண்டடித் தட்டைத் தேய்க்க இருபதாவது வேண்டும் என்றேன். வரும்போது வாங்கி வருவதாகச் சொன்னார். வேறெதுவும் முடிவு செய்ததாகப் பேசிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 29, செவ்வாய்

ஏழு மணிக்கே வந்துவிட்டார். பூஜையில் இருந்த பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டார், பொட்டைத் துடைக்கவில்லை. அண்ணாச்சி அவரைப் பார்த்து, "வந்துட்டியால," என்றார். அவர், "ஆமா அண்ணாச்சி," என்றார். அவ்வளவுதான். ராஜபாளையம் கதையை நான் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. இரண்டு பேரில் யார் பொய் சொன்னது என்று அவரும் கேட்கவில்லை. தீபாவளிக்குப் பிறகு என்ன என்பது அப்படியேதான் நிற்கிறது. அதைப் பற்றி இனி என் முன்னால் பேச்சு வந்தால் வாயைத் திறப்பேன்.

நான், அவர், வேலாயுதம் மூன்று பேரும் தட்டுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தோம். பதினொரு மணிக்குள் மினுக்கம் போய், சாம்பல் பூசிய மாதிரி ஆயிற்று. கை முழுக்க வெள்ளிப் பொடி. அவர் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். மூன்று பேர் கனத்துக்கும் தட்டு வளையவில்லை, நூல்கள் தொட்டுக்கொண்டன.

11.45க்குக் கீழே ஓடாமல் மாடியிலேயே நின்றேன். சூரியன் நேரே வரும் நேரத்தில் எல்.என்.பி.யின் நிழல் தட்டின் நடுவில் விழ வேண்டும். டிஷ் சரியாகப் பார்க்கிறதா என்பதற்கு அதுவே சாட்சி. புத்தகத்தில் பல முறை படித்திருக்கிறேன், ஒரு முறைகூட மேலே வந்து பார்த்ததில்லை. அந்த நேரத்தில் எப்போதும் கீழே உட்கார்ந்து கணக்கோடு கடிகாரத்தை ஒப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

நிழல் மெல்ல ஊர்ந்து வந்தது. நடுத் துளையிலிருந்து இரண்டு விரல் தள்ளி நின்றது. உச்ச நாள் கடந்துவிட்டதால் அந்த இரண்டு விரல்.

"சரியா டீச்சர்?"

குனிந்து, துளையையும் நிழலையும் பார்த்து, எல்.என்.பி.யைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் கிடந்த இரும்பின் சூடுதான், அதற்கு மேல் இல்லை.

"சரி," என்றேன்.

செப்டம்பர் 30, புதன்

காலையில் சான்றிதழை எழுதினேன். சேர்ந்த தேதி, டிஷ்களின் எண்ணிக்கை, செய்த வேலைகள், குறுக்கீட்டு நேரங்களைக் கணித்தது. மாதிரியிலிருந்த அந்த ஒரு வரியை எழுதவில்லை. அண்ணாச்சியின் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. அதைப் பார்த்து யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். பதினொரு மணிக்கு ரெஜிஸ்டர் தபாலில் சேர்த்துவிட்டேன்.

ராஜபாளையத்திலிருந்து வெள்ளை வந்துவிட்டது. பேச்சிமுத்து அண்ணனே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார்.

மத்தியானம் வேலை இல்லை. நாவலை எடுத்தேன். வண்டிக்காரன் இரண்டாவது குதிரையையும் அவிழ்த்துவிட்டு, தனியாக வண்டியில் உட்கார்ந்திருக்கிறான். கதவருகே அவர் குரல் கேட்டது. பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தேன்.

"என்ன கேட்டீங்க அண்ணே?"

"ஒண்ணும் கேக்கல டீச்சர். நிமிருதீங்களான்னு பாத்தேன்."